1729 = 222001: இது எந்த அடிமானம்?

#1 — குறுமணி

வணக்கம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகன் நேற்று ஒரு தாளில் ‘1729 = 222001’ என்று எழுதி என் முன்னால் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டான். எந்த அடிமானம், அதாவது பத்துப் பத்தாக இல்லாமல் எத்தனை எத்தனையாக எண்ணி எழுதியது என்று நான் கண்டுபிடிக்க வேண்டுமாம். சித்தப்பா பி.எஸ்சி. கணக்கு என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவைத்ததன் வினை.

இருக்கும் இலக்கங்களில் பெரியது 2. அதனால் முதலில் மூன்றடிமானத்தில் போட்டேன்: 486 + 162 + 54 + 1 = 703. போதவில்லை. நான்கில் போட்டால் 2689, மிஞ்சிவிட்டது. 3க்கும் 4க்கும் நடுவில் முழு எண் ஏது? −3, −4 போன்ற எதிர்ம அடிமானமோ என்றும் யோசித்தேன். அங்கே இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் எண் எதிர்மமாகத்தான் வரும். இதில் ஆறு இலக்கம். அதுவும் போச்சு.

கெஞ்சிக் கேட்டதற்கு, “அடிமானம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?” என்று மட்டும் சொன்னான். யாருக்காவது பிடிபடுகிறதா?

#2 — வெட்டிப்பேச்சு

மூன்றரை அடிமானம் போட்டுப் பார்த்தீர்களா? :)

#3 — குறுமணி

சிரிக்காதீர்கள், போட்டுவிட்டேன். 1437 சொச்சம் வருகிறது.

#4 — நாழி உழக்கு

பையன் கெட்டிக்காரன். அவன் சொன்னதிலேயே விடை இருக்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் அடிமானம் வேறு.

வலமிருந்து இடமாக இட மதிப்புகளை 1, 2, 6, 24, 120, 720 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 1!, 2!, 3!, 4!, 5!, 6! (6! என்றால் 1 முதல் 6 வரை எல்லாவற்றையும் பெருக்கியது). இப்போது 222001ஐப் படியுங்கள்: 2 × 720, 2 × 120, 2 × 24, அப்புறம் இரண்டு பூச்சியம், கடைசியில் 1. கூட்டினால் 1440 + 240 + 48 + 1 = 1729.

மாற்றுவதும் சுலபம். சாதாரணமாக ஒரே எண்ணால் திரும்பத் திரும்ப வகுப்போம். இங்கே 2, 3, 4, 5 என்று வகுக்கும் எண்ணை ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

1729 ÷ 2: ஈவு 864, மீதி 1
864 ÷ 3: ஈவு 288, மீதி 0
288 ÷ 4: ஈவு 72, மீதி 0
72 ÷ 5: ஈவு 14, மீதி 2
14 ÷ 6: ஈவு 2, மீதி 2
2 ÷ 7: ஈவு 0, மீதி 2

மீதிகளைக் கீழிருந்து மேலே படித்தால் 222001. பாடப்புத்தக மொழியில் காரணீயப் பெருக்க எண்முறை என்று சொல்லலாம். நான் ஃபாக்டோரியல் எண்முறை என்றே எழுதுகிறேன், வாய்க்கு எளிது.

ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைசி இடத்தில் 0, 1 மட்டுமே வரலாம். அடுத்த இடத்தில் 2 வரை, அதற்கடுத்ததில் 3 வரை, இப்படியே. 3! இடத்தில் 4 வந்தால் அது 4 × 6 = 24 ஆகி அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

#5 — குறுமணி

அடடா. அப்போது 3க்கும் 4க்கும் நடுவில் நான் தேடிக்கொண்டிருந்தது தப்பே இல்லை போலிருக்கிறது :)

ஒரு சந்தேகம். ஒரே எண்ணை இதில் இரண்டு விதமாக எழுதிவிட முடியாதா? இட மதிப்புகள் ஒழுங்கில்லாமல் தாவுகின்றனவே.

#6 — நாழி உழக்கு

முடியாது. பதின்மத்தில் 999க்கு அப்புறம் 1000 வருகிற மாதிரி இங்கேயும் இடைவெளி இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிரம்பும். 321 என்பது 18 + 4 + 1 = 23. அடுத்தது 1000, அதாவது 24. 4321 என்பது 119, அடுத்தது 10000, அதாவது 120.

காரணம் இதுதான்: 4 × 4! என்பதை 5! − 4! என்று எழுதலாம். 3 × 3! = 4! − 3!. இப்படி எழுதிக் கூட்டினால் நடுவில் உள்ளதெல்லாம் அடிபட்டு 5! − 1 மட்டும் மிஞ்சும். எந்த இடத்திலும் உச்ச இலக்கங்களை நிரப்பினால் அடுத்த இட மதிப்புக்கு ஒன்று குறைவாக வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே வடிவம்தான்.

#7 — களத்துமேடு

நாழி உழக்கு என்று பெயர் வைத்துக்கொண்டு நம் அளவைகளைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! இடத்துக்கு இடம் அடிமானம் மாறுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். மேலே சொன்ன அதே வகுத்தல்தான், 2, 3, 4, 5க்குப் பதில் 2, 2, 2, 8, 2, 2, 3.

1729 ஆழாக்கு நெல்லை அளந்து பார்த்தேன் (தாளில்தான்). 2 கலம், தூணி இல்லை, ஒரு பதக்கு, ஒரு குறுணி, ஓர் ஆழாக்கு. சரிபார்க்க: ஒரு கலம் 768 ஆழாக்கு, பதக்கு 128, குறுணி 64. 1536 + 128 + 64 + 1.

சோழர் கல்வெட்டுகளில் ‘இருதூணிப் பதக்கு’ என்று நெல் அளவு வரும். 3 தூணி சேர்ந்தால் கலமாகிவிடும் என்பதால் தூணிக்கு உச்ச இலக்கம் 2. பையனிடம் சொல்லுங்கள், அவன் கொள்ளுத் தாத்தாவும் பல அடிமானக் கணக்குதான் போட்டிருப்பார். மரக்கால் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பது வேறு வழக்கு.

#8 — வெட்டிப்பேச்சு

நெல் அளக்கப் பல அடிமானம் வேண்டும், சரி. ஃபாக்டோரியல் வைத்து எதை அளப்பது?

#9 — சுரவரிசை

வரிசைகளை அளப்பதற்கு.

இந்த எண்முறையைப் பற்றி பிரெஞ்சுக் கணிதர் லெசான் 1888இல் எழுதிய கட்டுரையே வரிசைமாற்றங்களுக்காகத்தான். இடத்துக்கு இடம் அடிமானம் மாறும் பொதுவான எண்முறைகளை அதற்கு முன் 1869இல் கேன்டர் ஆராய்ந்திருந்தார். முடிவிலிக் கணங்களின் அதே கேன்டர்தான். பதினொன்றாம் வகுப்பில் ஒரு சொல்லின் எழுத்துகளை மாற்றி மாற்றி அகராதி வரிசையில் அடுக்கினால் இந்தச் சொல்லின் தரம் என்ன என்று கேட்பார்களே, அந்தக் கணக்கின் உள்ளே ஒளிந்திருப்பது இதுதான். பையனுக்கு அங்கிருந்துதான் பொறி தட்டியிருக்கும்.

என் வழியில் ஓர் உதாரணம். ச ரி க ம ப த நி, ஏழு சுரம். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வருமாறு 7! = 5040 வரிசைகள். ‘ச ரி க ம ப த நி’ முதல் வரிசை, ‘நி த ப ம க ரி ச’ கடைசி. 1729ஆவது வரிசை எது?

முதல் வரிசைக்கு முன்னால் ஒன்றுமில்லை, அதனால் அதன் எண் 0. அப்படியானால் 1729ஆவதற்கு முன்னால் 1728 வரிசைகள். 1728 = 222000. இலக்கங்களை இடமிருந்து படியுங்கள். 2 என்றால் மிச்சமிருக்கும் சுரங்களில் இரண்டைத் தாண்டி அடுத்ததை எடு என்று பொருள்.

2: ச, ரி தாண்டி க.
2: மிச்சத்தில் ச, ரி தாண்டி ம.
2: மறுபடி ச, ரி தாண்டி ப.
0, 0, 0: மிச்சம் ச, ரி, த, நி அப்படியே.

க ம ப ச ரி த நி. பாடிப் பாருங்கள், நன்றாகவே இருக்கிறது.

#10 — குறுமணி

பூச்சியத்திலிருந்து எண்ணாமல் ஒன்றிலிருந்து எண்ணினால் 222001 தானே வர வேண்டும்?

#11 — சுரவரிசை

222001 என்ற எண்ணையே வரிசையாகப் படித்தால் க ம ப ச ரி நி த. அது 1730ஆவது. எனக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் இங்கே எண். க்யூவில் முதலில் நிற்பவருக்கு முன்னால் பூச்சியம் பேர்.

இன்னொன்று சொல்ல விட்டுப்போச்சு. இலக்கங்களின் கூட்டுத்தொகைக்கும் பொருள் உண்டு. 222001இன் கூட்டுத்தொகை 7. க ம ப ச ரி நி த என்பதில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சுரங்களை மட்டும் இடம் மாற்றி இடம் மாற்றி ஒழுங்கான சரிகமபதநிக்குக் கொண்டுவர, குறைந்தது 7 மாற்றம் வேண்டும். க, ம, ப மூன்றும் ச, ரி இரண்டையும் தாண்டி வர ஆறு. நி, த மாற ஒன்று.

#12 — மீதி ஒன்று

வரிசை விஷயம் அழகு. எனக்குப் பிடித்தது வகுபடும் தன்மை. பதின்மத்தில் 7ஆல் வகுபடுமா என்று பார்க்க ஒரு நல்ல வழி கிடையாது. இங்கே எந்த எண்ணுக்கும் வழி உண்டு. 7! முதல் மேலே உள்ள எல்லா இடமும் 7இன் மடங்கு. அதனால் எவ்வளவு பெரிய எண்ணானாலும் கடைசி ஆறு இலக்கம் மட்டும் பார்த்தால் போதும். 3க்குக் கடைசி இரண்டு இலக்கம், 5க்குக் கடைசி நான்கு.

2ஆல் வகுபட 0இல் முடிய வேண்டும். 3ஆல் வகுபட 00 அல்லது 11இல் முடிய வேண்டும். அதனால் 2, 3 தவிர எந்தப் பகா எண்ணும் 01 அல்லது 21இல்தான் முடியும். 1729 கூட 01இல்தான் முடிகிறது, ஆனால் அது 7 × 13 × 19. வேஷதாரி!

7க்குச் சோதனை: 720, 120, 24, 6, 2, 1 இவற்றின் மீதிகளை −1, 1, 3, −1, 2, 1 என்று எழுதலாம். 6! மீதி −1 என்பது வில்சன் தேற்றம், 721 = 7 × 103. 222001க்குப் போட்டால் −2 + 2 + 6 + 1 = 7. வகுபடுகிறது.

வேடிக்கை இனிமேல்தான். 13க்கு 720, 120, 24 ஆகியவற்றின் மீதி 5, 3, −2. கூட்டினால் 6. இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் 13! 19க்கு −2, 6, 5. கூட்டினால் 9. இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் 19! 7க்கு 3, 13க்கு 6, 19க்கு 9. மூன்று பகாக்காரணிக்கும் சோதனை செய்தால் அந்தக் காரணியே விடையாக வந்து நிற்கிறது. ராமானுஜன் எண் என்றால் சும்மாவா?

#13 — அரைக்காணி

சும்மாதான். 1729 = 2 × 864 + 1. ஒரு பகா எண் இதை வகுத்தால் 864இன் மீதி அந்தப் பகா எண்ணில் பாதிக்கு அரை குறைவாக வந்தே தீரும். 7க்கு 3, 13க்கு 6, 19க்கு 9. வேறு வழியே இல்லை. 3, 6, 9 என்று ஒழுங்காக வருவது 7, 13, 19 ஆறாறாக ஏறுவதால். தெரிந்ததையே சட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

#14 — மீதி ஒன்று

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேஷதாரி என்று சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். 1729 ஒரு கார்மைக்கேல் எண். ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்கும் ஃபெர்மா சோதனையில் பகா எண் மாதிரியே நடிக்கும், 7, 13, 19 இவற்றின் மடங்கு எதையாவது வைத்துச் சோதித்தால்தான் மாட்டும். எந்தப் பகு எண் அப்படி நடிக்கும் என்பதற்கு கோர்செல்ட் 1899இல் நிபந்தனை சொன்னார்: ஒரே பகாக்காரணி இரண்டு முறை வரக்கூடாது, ஒவ்வொரு காரணியிலும் ஒன்று குறைத்தால் அது, எண்ணில் ஒன்று குறைத்ததை வகுக்க வேண்டும். இங்கே 6, 12, 18 மூன்றும் 1728ஐ வகுக்க வேண்டும். 222000 மூன்று பூச்சியத்தில் முடிவதால் 24இன் மடங்கு என்பது பார்த்தவுடனே தெரிகிறது, 6க்கும் 12க்கும் வேலையே இல்லை. 18க்கு மட்டும் 9 பார்க்க வேண்டும்: 720 ஒன்பதின் மடங்கு, 120 + 24 = 144, அதுவும்தான். முடிந்தது.

#15 — குறுமணி

சுரவரிசை ஐயா சொன்ன கூட்டுத்தொகை 7 என்பதைப் பார்த்ததும் ஒன்று உறைத்தது. 1729ஐ 7 வகுக்கிறதே! பதின்மத்திலும் 1 + 7 + 2 + 9 = 19, அதுவும் 1729ஐ வகுக்கும், 19 × 91. தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்ணுக்கு தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் ஹர்ஷத் எண் என்று பெயர் வைத்தார், மகிழ்ச்சி தருவது என்று பொருள். 1729 இரண்டு எண்முறையிலும் ஹர்ஷத்.

அக்கம்பக்கமும் பார்த்தேன். இந்த எண்முறையில்:

1727 = 221321, கூட்டுத்தொகை 11. 11 × 157 = 1727.
1728 = 222000, கூட்டுத்தொகை 6. 6 × 288 = 1728.
1729 = 222001, கூட்டுத்தொகை 7. 7 × 247 = 1729.

மூன்றும் அடுத்தடுத்து! 1726க்கும் 1730க்கும் வரவில்லை. இரவு உட்கார்ந்து 1 முதல் 120 வரை கையால் போட்டேன். ஜோடிகள் கிடைத்தன: 1, 2, 8, 9, 26, 27, 35, 36, 90, 91. மூன்று தொடர்ச்சி ஒன்றுகூட இல்லை. ஆக, தொடர்ந்து மூன்று வருவது 1729இல்தான் முதல் முறை என்று தோன்றுகிறது. இது யாருக்காவது முன்பே தெரியுமா? எனக்குக் கை நடுங்குகிறது.

#16 — அரைக்காணி

120 வரை பார்த்துவிட்டு 1727க்குத் தாவினால் நடுவில் உள்ள 1600 பேர் என்ன பாவம் செய்தார்கள்?

244 = 20020, கூட்டுத்தொகை 4. 4 × 61.
245 = 20021, கூட்டுத்தொகை 5. 5 × 49.
246 = 20100, கூட்டுத்தொகை 3. 3 × 82.

#17 — குறுமணி

…

#18 — வெட்டிப்பேச்சு

கை நடுக்கம் நின்றதா தம்பி?

#19 — அரைக்காணி

குறுமணி கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களால்தான் இதையே தேடினேன். 240இல் சிறப்பு எதுவும் இல்லை, அங்கேதான் சுவை. 5! முதல் மேலே உள்ள இட மதிப்புகளில் ஏதாவது இரண்டை எடுத்துக் கூட்டுங்கள், ஒன்றையே இரண்டு முறையும் எடுக்கலாம். வந்த எண் எப்படியும் 120இன் மடங்கு, கூட்டுத்தொகை 2. இப்போது அதனுடன் 4, 5, 6 கூட்டுங்கள். 4 என்பது 20, கூட்டுத்தொகை 2. 5 என்பது 21, கூட்டுத்தொகை 3. 6 என்பது 100, கூட்டுத்தொகை 1. மேலே உள்ள இரண்டையும் சேர்த்தால் முறையே 4, 5, 3. முதல் எண் 4இன் மடங்கு, அடுத்தது 5இன் மடங்கு, மூன்றாவது 3இன் மடங்கு. 120 என்பது 4, 5, 3 மூன்றாலும் வகுபடும் என்பதால் எந்தச் சிக்கலும் இல்லை.

120 + 120 போட்டால் 244, 245, 246. 720 + 120 போட்டால் 844, 845, 846. 720 + 720 போட்டால் 1444, 1445, 1446. 5040 + 120 போட்டால் 5164, 5165, 5166. இப்படி முடிவே இல்லாமல் போகும். மூன்று தொடர்ச்சி எண்ணற்றவை. நிரூபணமும் நான்கு வரிதான்.

#20 — குறுமணி

இதற்கு மேல் என்ன சொல்ல? என் 1729ஐவிட உங்கள் நான்கு வரி நன்றாக இருக்கிறது. தோற்றதில் வருத்தமில்லை என்று எழுத ஆசை, ஆனால் கொஞ்சம் இருக்கிறது.

#21 — மீதி ஒன்று

அவசரப்பட்டு 1729ஐக் கைவிடாதீர்கள். அரைக்காணி அண்ணன் காட்டிய குடும்பம் முழுக்க இரட்டை, ஒற்றை, இரட்டை என்று போகிறது. உங்களுடையது ஒற்றை, இரட்டை, ஒற்றை. இது வேறு ஜாதி. இதில் ஒரு கட்டுப்பாடு அதிகம்: ஒற்றை எண்ணை இரட்டை எண் வகுக்காது, அதனால் ஓரத்தில் உள்ள இரண்டுக்கும் கூட்டுத்தொகை ஒற்றைப்படையாக இருந்தே ஆக வேண்டும்.

நடுவில் இருக்கும் இரட்டை எண்ணை ‘நடு’ என்றும், அதன் கூட்டுத்தொகையை ‘கூ’ என்றும் வைப்போம். நடு 0இல் முடியும், வலப்பக்கத்து எண் 1இல் முடியும், அதனால் அதன் கூட்டுத்தொகை கூ + 1. அது ஒற்றை என்பதால் கூ இரட்டை. நடுவைக் கூ வகுக்க வேண்டும், நடு + 1ஐக் கூ + 1 வகுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நடுவிலிருந்து கூவைக் கழித்தது, கூ × (கூ + 1) என்ற எண்ணின் மடங்கு என்று வரும்.

இப்போது இடப்பக்கம். நடு 10இலோ 20இலோ முடிந்தால் ஒன்று குறைக்கும்போது 01, 11 என்று ஆகும், கூட்டுத்தொகை மாறாது, இரட்டையாகவே நிற்கும். உதவாது. ஆகவே நடு 00இல் முடிய வேண்டும், அதாவது 6இன் மடங்கு. கூ 2, 8, 14 என்று இருந்தால் மேலே சொன்ன நிபந்தனைப்படி நடுவை 6ஆல் வகுக்க மீதி 2 வரும், அவை போயிற்று. மிச்சம் 4, 6, 10, 12, 16 மாதிரி சிலதுதான்.

1728க்குக் கீழே கையால் சலித்துவிட்டேன். கூ 10, 12, 16 ஆக ஒன்றும் சிக்கவில்லை. கூ 4 ஆக இருப்பவை 384, 984, 1584. இவற்றின் இடப்பக்கத்து எண்கள் 383, 983, 1583 மூன்றுக்கும் கூட்டுத்தொகை 9, எதுவும் 9ஆல் வகுபடாது. கூ 6 ஆக இருப்பவை 90, 300, 510, 804, 1014, 1224, 1518. 1224 தவிர மற்றவற்றின் இடப்பக்கத்து எண்ணுக்குக் கூட்டுத்தொகை 8, இரட்டை, போச்சு. 1223க்கு மட்டும் 11 வருகிறது. ஆனால் 11 × 111 = 1221. இரண்டில் தவறிவிட்டது.

அடுத்த ஆள் 1728. இடப்பக்கம் 1727, கூட்டுத்தொகை 11, 11 × 157.

ஆக, ஒற்றை, இரட்டை, ஒற்றை என்று தொடரும் மூன்று ஹர்ஷத் எண்களில் முதலாவது 1727, 1728, 1729தான்.

#22 — அரைக்காணி

கூ 6க்கு நிபந்தனையில் அடங்கும் 42 எண்களையும் (1728 வரை) நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். 16க்கும் அதற்கு மேலும் பார்த்தேன், ஒன்றுமில்லை. சரிதான். கணக்கு ஒப்புக்கொள்ளப்படுகிறது.

#23 — குறுமணி

கை மறுபடி நடுங்குகிறது :) மீதி ஒன்று, உங்களுக்கு ஒரு காபி கடன்.

#24 — களத்துமேடு

எல்லாம் சரி, பத்தாவது இடத்தில் இலக்கம் 10 வந்தால் எப்படி எழுதுவீர்கள்? இரண்டு இலக்கமாக எழுதினால் குழம்பிவிடுமே.

#25 — நாழி உழக்கு

வழக்கமாகக் காற்புள்ளி போட்டுப் பிரிப்பார்கள். நமக்கு அது வேண்டாம், பத்துக்கென்றே ஓர் எழுத்து கைவசம் இருக்கிறது: ௰. 987654321 என்று இந்த எண்முறையில் எழுதினால் அது 10! − 1, அதாவது 36,28,799. ௰987654321 என்றால் 11! − 1, 3,99,16,799. பதினொன்றுக்கு என்ன செய்வது என்று மட்டும் கேட்காதீர்கள்.

#26 — நிரலி

தாமதமாக வருகிறேன், ஒரே ஒரு துணுக்கு. புள்ளிக்கு வலப்பக்கம் 1/2!, 1/3!, 1/4! என்று இட மதிப்பு வைத்தால் எந்தப் பின்னமும் முடிவுறும். 1/3 என்பது 0.02. பதின்மத்தில் முடியவே முடியாத 1/7 கூட இங்கே 7! இடத்துக்குள் முடிந்துவிடும். ஆய்லரின் எண் e, அதாவது 2.718… இதில் 10.1111… என்று ஒன்றாகவே ஓடும். முடியாமல் ஓடுகிறது, உச்ச இலக்கங்களாகவும் ஓடவில்லை, அதனால் அது விகிதமுறு எண் இல்லை. இதைவிடச் சுருக்கமான நிரூபணம் நான் பார்த்ததில்லை.

#27 — குறுமணி

இன்று மாலை பையன் வந்தான். 1729 பற்றி இங்கே நடந்ததை எல்லாம் சொன்னேன். 222001ஐ ஏன் தேர்ந்தெடுத்தான் என்று கேட்டால், “மூன்று இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்தது, அழகாக இருந்தது” என்றான். ஹர்ஷத்தும் தெரியாது, கார்மைக்கேலும் தெரியாது.

பதிலுக்கு ஒரு தாளில் ‘௰987654321 + 1’ என்று எழுதி அவன் முன்னால் வைத்தேன். ௰ என்ன என்று மட்டும் சொன்னேன். ஒவ்வோர் இடமாகக் கூட்டி, ஒவ்வோர் இடத்திலும் நிரம்பி, ஒன்று மேலே போய், கடைசியில் 10000000000 என்று எழுதி நீட்டினான். எவ்வளவு என்று கேட்டேன். இருந்த வேகத்தில், “ஆயிரம் கோடி” என்றான்.

நான்கு கோடிக்கும் குறைவு, தம்பி. போய் மறுபடி எண்ணிக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறேன்.